ஏழாம் வார்டின் மூங்கில் கழி

என் அறையில் கோப்பு அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மூங்கில் கழி சாய்ந்து நிற்கிறது. பத்தடி நீளம். நேராக நிறுத்தினால் மின்விசிறியில் மாட்டிக்கொள்ளும் என்பதால் சாய்த்து வைத்து, அடியில் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு முனையிலிருந்து முழத்துக்கு ஒன்றாகச் சிவப்புக் கோடுகள் போட்டிருக்கும். பெயின்ட் என்று நினைப்பார்கள், அது நகப்பூச்சு. செயல் அலுவலரின் அறைக்குள் முதல்முறை வருகிறவர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுகிறார்கள். இங்கே பாம்பு வருமா என்று கேட்டவர்கள் உண்டு. மாங்காய் பறிக்கவா என்று ஒரு ஒப்பந்ததாரர் கேட்டார். ஜன்னலுக்கு வெளியே மாமரமே கிடையாது. தணிக்கைக்கு வந்தவர் இது எந்த இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது என்று விசாரித்தார். எல்லோருக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: இது ஆய்வுக் கருவி. அவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்காமல் அடுத்த கோப்பை எடுப்பேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இதைக் கொடுத்தவர் நான் முன்பு வேலை பார்த்த பேரூராட்சியின் ஏழாம் வார்டு உறுப்பினர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே உள்ள ஊர் அது. பெயர் வேண்டாம், அந்த அலுவலகத்தில் இன்னும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சிதம்பரத்தில் குடியிருந்துகொண்டு, காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புகிற இளநிலை உதவியாளர் நான். என் மேஜைக்கு வந்த வேலைகளில் எனக்குப் பிடித்தது மாதாந்திர ஆய்வு அறிக்கை. குடிநீர், தெருவிளக்கு, குப்பை, வடிகால், மனுக்கள் என்று எங்கள் பேரூராட்சி அந்த மாதம் செய்ததையெல்லாம் ஒரு படிவத்தில் நிரப்பிக் கடலூருக்கு அனுப்ப வேண்டும். அங்கே எல்லா ஊர்ப் படிவங்களையும் சேர்த்து வரிசைப்படுத்துவார்கள். பிறகு ஒரு நாள் கூட்டம் கூட்டுவார்கள். கடைசியில் வந்த ஊர்க்காரர்கள் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும்.

என் கையில் படிவம் இருந்தவரை எங்கள் ஊர் எழுந்து நின்றதில்லை. உட்கார்ந்து கதை கட்டினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், அதற்கு அவசியமே வராத அளவுக்குப் படிவம் எனக்குப் பழகியிருந்தது. ஒரு மனு வந்தால், சம்பந்தப்பட்ட பணியாளரிடம் சொன்ன தேதிதான் அது தீர்ந்த தேதி. விளக்கு எரிகிறதா என்று படிவம் கேட்பதில்லை. நடவடிக்கை எடுக்கப்பட்டதா என்று கேட்கும். ஆளிடம் சொன்னதும் ஒரு நடவடிக்கைதானே? வேலையைச் செய்தவர், செய்ததாகக் குறித்தவர், குறித்ததைச் சரிபார்த்தவர், மூவரும் ஒரே பிளாஸ்க்கிலிருந்து டீ குடிக்கிறவர்கள். எங்களுக்கு நாங்களே மதிப்பெண் போட்டுக்கொண்டோம், கை நிறையப் போட்டுக்கொண்டோம். அடித்தல் திருத்தல் இல்லாத பக்கம், கடைசிக் கட்டத்தில் நூறு சதவீதம். அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு நிறைந்ததுபோல் இருக்கும்.

ஏழாம் வார்டு உறுப்பினர் ஒரு பெண், தையல்காரர். பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஊரின் பள்ளமான பகுதியில், வாய்க்காலை ஒட்டிய தெருவில் அவருக்கு ஒரு சின்னக் கடை, அதன் பின்கட்டில் வீடு. என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். கழுத்தில் அளவு நாடாவை எடுக்க மறந்து அப்படியே மன்றக் கூட்டத்துக்கு வந்துவிடுவார். எப்போதோ ஊசி ஏறிக் கறுத்துப்போன இடது கட்டைவிரல் நகத்தை மறைக்க அந்த ஒரு நகத்துக்கு மட்டும் சிவப்பு பூசியிருப்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் விட மாட்டார். அலுவலகத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்வதில்லை. "ஏழு வருது" என்று வாசலில் காவலர் சொன்னதும் ஆளுக்கொரு கோப்பைப் பிரித்துவைத்து முகத்தைப் புதைத்துக்கொள்வோம். நான் இரண்டு முறை பின்வாசல் வழியாகப் போயிருக்கிறேன். அப்போது அவரைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான், மரியாதையெல்லாம் பிறகு வந்தது.

அவர் தேர்தலில் நின்றதற்கு ஒரே ஒரு காரணம் இருந்தது. முந்தைய மழைக்காலத்தில் வாய்க்கால் தண்ணீர் அந்தத் தெருவுக்குள் ஏறி நாலு நாள் வடியாமல் நின்றது. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிற பெண்கள் அங்கே நிறையப் பேர். மோட்டார் நனைந்து, வாங்கிவைத்த துணி அழுகி, தீபாவளி வேலை முழுதும் போயிற்று. ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போனபோது சாலை போடுகிறேன், விளக்குப் போடுகிறேன் என்று எதையும் அவர் சொல்லவில்லை. அடுத்த மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். ஜெயித்து வந்த பிறகு அவர் சந்திக்கப்போகிற முதல் மழைக்காலம் அது.

புரட்டாசியில் தூர்வாரும் பணி நடந்தது. பொக்லைன் வந்து வாய்க்கால் கரையோடு நாலு நாள் நடந்தது. ஆகாயத்தாமரையும் சேறும் கரையில் மலைமலையாகக் கிடந்தன. படிவத்தில் அதற்கு இரண்டு கட்டங்கள்: தூர்வார வேண்டிய நீளம், தூர்வாரிய நீளம். இரண்டிலும் ஒரே எண்ணை எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் நூறு. மாவட்டத்திலேயே எங்கள் ஊர்தான் முதலில் முடித்தது. அடுத்த கூட்டத்தில் எங்கள் செயல் அலுவலர் எழுந்து எப்படிச் சாதித்தோம் என்று மற்ற ஊர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்று கடலூரிலிருந்து தகவல் வந்தது. அவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், நல்ல மனிதர், பாராட்டு அதிகம் பார்க்காதவர். அன்றைக்கு அலுவலகத்தில் எல்லோருக்கும் மசால் வடை வாங்கித் தந்தார்.

வடை தின்ற மறுநாள்தான் 'ஏழு' இந்தக் கழியோடு வந்தார். இந்த முறை என்னால் பின்வாசலுக்குப் போக முடியவில்லை, கழி வாசலை மறித்துக்கொண்டு வந்தது. தெருமுனையில் சாலையைக் கடக்கிற இடத்தில் வாய்க்கால் ஒரு குழாய்ப் பாலத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளிவரும். அந்தப் பாலத்துக்குள் கழியை விட்டுப் பார்த்ததாகவும், இரண்டு கோட்டுக்கு மேல் உள்ளே போகவில்லை என்றும் சொன்னார். நூறு என்று எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டார். எனக்கு இதற்கெல்லாம் தயாராகப் பதில் இருக்கும். படிவத்தை எடுத்துக் காட்டினேன். இது நீளக் கணக்கு, நீளம் முழுக்கப் பொக்லைன் போய்விட்டது, பாலத்துக்கு அடியில் பார்த்தீர்களா என்று கேட்கிற கட்டம் இதில் இல்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னோம் என்று திருப்தியும் பட்டுக்கொண்டேன். அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்த நாடாவை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

"நீளம் மட்டும் எடுத்துகினு ஜாக்கெட் தெச்சிக் குடுத்தா நீங்க வாங்கிப்பீங்களா சார்? சுத்தளவு எடுக்க வேணாமா?"

பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குக் காது சூடானது. வாருங்கள், வந்து பாருங்கள் என்றார் 'ஏழு'. மதியம் அவரோடு போனேன். போகாவிட்டால் நாடாவை எடுக்க மாட்டார் போலிருந்தது.

அந்தப் பாலத்தின் ஓரத்தில் நின்றது இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. வெயில் சுள்ளென்று அடித்தது. கரையில் போட்டிருந்த சேறு காய்ந்து வெடித்திருந்தது. துப்புரவு மேற்பார்வையாளரும் வந்திருந்தார். 'ஏழு' கழியை என் கையில் கொடுத்து நீங்களே விடுங்கள் என்றார். குனிந்து குழாய்க்குள் விட்டேன். முதல் கோடு போயிற்று, இரண்டாவது கோடு போயிற்று, அதற்குமேல் பஞ்சு மூட்டையில் குத்தியதுபோல் நின்றுவிட்டது. தண்ணீர் வெளியேறும் மறுபக்கம் போய் அங்கேயும் விட்டேன். மூன்றாவது கோட்டில் நின்றது. சாலையின் அகலத்துக்கு இரண்டு பக்கமும் முழுக்கழி போக வேண்டும். மேற்பார்வையாளர் தலையைச் சொறிந்துகொண்டு, பொக்லைன் கை மடங்கி உள்ளே போகாது சார், ஆளை இறக்கவும் கூடாது, அடைப்பு எடுக்கிற மெஷின் வண்டி வந்தால்தான் ஆகும் என்றார். அந்த வண்டி எங்கள் ஊரில் இல்லை. பக்கத்து நகராட்சியிலிருந்து வரவழைக்க வேண்டும். அதற்குக் கடலூருக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

அங்கேதான் முடிச்சு இருந்தது. வண்டி கேட்டு எழுதினால் வேலை முடியவில்லை என்று எழுதியாக வேண்டும். வேலை முடிந்துவிட்டது என்றோ நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன். முடிந்த வேலைக்கு யார் வண்டி அனுப்புவார்கள்? என் நல்ல கையெழுத்தில் நானே அந்தத் தெருவை அடைத்துவைத்திருந்தேன். செயல் அலுவலரிடம் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. கூட்டம் முடியட்டும், அடுத்த மாதப் படிவத்தில் புது வேலை என்று சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த மாதம் ஐப்பசி. மழை எங்கள் படிவத்துக்குக் காத்திருக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மன்றக் கூட்டத்தில் 'ஏழு' எழுந்து ஒரு தீர்மானம் கேட்டார். இனி எந்த வேலையையும், வேறு வார்டு உறுப்பினர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து அளந்த பிறகே முடிந்தது என்று எழுத வேண்டும். தலைவர் மெதுவாகச் சிரித்தார். முதலிடத்தில் இருக்கிற ஊரை நாமே குறை சொல்லி எழுதினால் வெளியில் இருப்பவன் சும்மா விடுவானா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். உன் வார்டு ஒன்றுக்காக ஊர் மானத்தைக் கப்பலேற்ற வேண்டுமா என்றார் இன்னொருவர். அவர் யாரிடமும் சண்டை போடவில்லை.

"நாம போய்ப் பாக்கலன்னா மழ வந்து பாத்துட்டுப் போவும். அது எங்க தெருவோட நிக்காது, அண்ணே. அடுத்த பள்ளம் ஒங்களுதுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைக்கப்பட்டது என்று மினிட்ஸில் எழுதியதும் நான்தான். எழுதும்போது என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. அன்று மாலை பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்த பஸ் வருவதற்குள் இன்னொரு படிவம் எழுதினேன். ஸ்கேல் வைத்து, படிவத்தில் இல்லாத நான்காவது கட்டத்தை நானே வரைந்தேன். தலைப்பு: பாலத்துக்கு அடியில். அதில் இரண்டு பக்க அளவையும் எழுதினேன். நூறுக்குப் பதிலாக, முடியவில்லை என்று எழுதினேன். அதை அனுப்பும் துணிச்சல் வரவில்லை. பழைய படிவத்தோடு சேர்த்து அதே கோப்பில் வைத்தேன்.

கடலூர்க் கூட்டத்துக்கு நான்தான் கோப்புகளோடு போக வேண்டும். செயல் அலுவலர் ஜீப்பில் முன்னாலேயே போய்விட்டார். காலையில் அவசரக் கையெழுத்து ஒன்றுக்காக ஊரில் இறங்கி, அங்கிருந்து கடலூர் பஸ்ஸுக்கு நின்றபோது 'ஏழு' கழியோடு வந்து நின்றார். எனக்குப் பகீர் என்றது. காகிதத்தில் சொன்னால் நம்ப மாட்டார்கள், இதையும் கொண்டுபோங்கள் என்றார். வேண்டாம் என்று சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. பத்தடிக் கழியைப் பஸ்ஸில் ஏற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். நடுவழியில் தரையோடு படுக்கவைத்து, ஒரு முனையை நான் காலால் மிதித்துக்கொண்டேன். இறங்குகிறவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டே தாண்டினார்கள். "மாமா, மீன் புடிக்கப் போறீங்களா?" என்று கேட்டார் கண்டக்டர். கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறேன் என்றேன். அதன் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

அலுவலக வாசலில் காவலர் கழியை உள்ளே விட மறுத்துவிட்டார். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சார்த்திவிட்டுக் கூட்டத்துக்குள் போனேன். ஒவ்வோர் ஊராக எழுந்து படித்தார்கள். நூறு, நூறு, தொண்ணூற்றெட்டு, நூறு. கேட்டுக்கொண்டே இருந்தேன். எல்லா ஊரிலும் என்னைப்போல் ஒருவன் உட்கார்ந்து அழகாக எழுதியிருக்கிறான் என்று புரிந்தது. எல்லா வாய்க்காலுக்கும் எங்கேயோ ஒரு பாலம் இருக்கும். அந்தப் பாலத்துக்கு அடியில் எவனும் பார்த்திருக்க மாட்டான். மாவட்டம் முழுக்கச் சுத்தமாக இருந்தது, காகிதத்தில். எனக்குப் பயம் வந்தது. வேலையைப் பற்றிய பயம் கொஞ்சம், மழையைப் பற்றிய பயம் ஜாஸ்தி. எங்கள் ஊரின் முறை வந்தபோது, செயல் அலுவலரின் முன்னால் இருந்த பழைய தாளை உருவிவிட்டுப் புதியதை வைத்தேன்.

அவர் எழுந்து நின்று அதைப் பார்த்தார். நான்காவது கட்டத்தைப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் அன்றைக்குப் பழைய நூறையே மனப்பாடமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் ஊரில் தூர்வாரும் பணி முடியவில்லை ஐயா என்று படித்தார். கூட்டத்தை நடத்திய அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அப்படியானால் முன்பு வந்த அறிக்கை என்ன என்று கேட்டார். செயல் அலுவலர் எழுத்துப் பிழை என்று ஆரம்பித்தார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். நான் எழுந்துவிட்டேன்.

"பிழையில்லீங்க ஐயா. நான்தான் போட்டேன். பாலத்துக்கு அடியில நாங்க பாக்கவேயில்ல."

பாராட்டு எதுவும் கிடைக்கவில்லை. அதிகாரிக்கு நல்ல கோபம். எங்களை முதல் இடத்திலிருந்து எடுத்துக் கடைசியில் போடச் சொன்னார், விளக்கம் கேட்டு எனக்கு மெமோ கொடுக்கச் சொன்னார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, பாலத்துக்கு அடியில் பார்த்த ஊர் எது, எழுந்திருங்கள் என்றார். ஒருவரும் எழவில்லை. மதியத்துக்குமேல் அந்த அறையில் யாரும் நூறு என்று படிக்கவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது காவலர் கழியை நீட்டி, இதுக்காவா சார் இவ்ளோ சத்தம் என்று கேட்டார். செயல் அலுவலர் அதை ஜீப்பில் ஏற்றிக்கொள்ளச் சொன்னார். இறங்கும்போது, வடையை வாங்கித் தந்ததுதான் தப்பாப் போச்சு என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் மெஷின் வண்டி வந்தது. தெருவே பாலத்தருகே கூடியிருந்தது. தண்ணீரைப் பீய்ச்சி, கொக்கியைவிட்டு இழுக்க இழுக்க உள்ளேயிருந்து என்னென்னவோ வந்தன. தென்னை மட்டைகள், சிமெண்ட் சாக்குகள், ஒரு பாய், நாங்களே தூய்மை வாரத்துக்குக் கட்டிய பிளெக்ஸ் பேனர். அதில் தலைவரின் சிரித்த முகம் பாதி மட்டும் தெரிந்தது, கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு உரச் சாக்குகள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஒரு சாக்கு கிழிந்து உள்ளே இருந்தது சாலையில் சிதறியது. வெட்டுத்துணி. பச்சைக் கட்டம் போட்ட பள்ளிக்கூடச் சீருடைத் துணி, சேற்றில் ஊறியும் கட்டம் தெளிவாகத் தெரிந்தது. ஊரில் அந்தச் சீருடையைத் தைத்தது ஒரே ஒரு கடை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் 'ஏழு' பக்கம் திரும்பினார்கள்.

நான் அவரைப் பார்க்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் என் காதருகே, துணிக்கழிவுன்னு பொதுவா எழுதிடுங்க சார் என்றார். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். கையில் இருந்த தாளில் 'துணிக்க' வரைக்கும் எழுதியும்விட்டேன். 'ஏழு' நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். முகம் வெளுத்திருந்தது. குப்பை வண்டி வராத வாரங்களில் சாக்கைக் கட்டிக் கரையில் வைத்தது தான்தான் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். வண்டி வந்து எடுத்திருக்கும் என்று நினைத்தேன், போய்ப் பார்க்கவில்லை என்றார். அந்த வார்த்தை என்னைக் குத்தியது, அது என் வார்த்தை.

"எழுதுங்க சார். ஏழாம் வார்டு கவுன்சிலர் கடத் துணின்னு எழுதுங்க. ஒங்களுக்கு மெமோ குடுத்தாங்க இல்ல, எனக்கும் ஒண்ணு இருக்கட்டும்."

எழுதினேன். அடுத்த மன்றக் கூட்டத்தில் அதைத் தானே படிக்கிறேன் என்று வாங்கிப் படித்தார். தலைவர், அந்த வரியை விட்டுவிடலாமே அம்மா என்றார். அவரும் பேனரை நினைத்துத்தான் சொன்னார். 'ஏழு' தன் கடை, தலைவரின் பேனர், குப்பை வண்டி வராத வாரங்கள் மூன்றையும் ஒரே குரலில் படித்து முடித்தார். அவரைக் கேலி செய்யக் காத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை. ஒத்திவைத்திருந்த தீர்மானம் அன்றைக்கு நிறைவேறியது. மூன்று பேர் எதிர்த்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் ஒரு புது வார்த்தை புழங்க ஆரம்பித்தது. கோப்பில் யாராவது முடிந்தது என்று எழுதினால், குத்திப் பாத்தீங்களா என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்பார். நாலாம் வார்டுக்காரர் ஏழாம் வார்டு விளக்கைப் பார்க்கப் போனார், ஏழாம் வார்டுக்காரர் கழியோடு எல்லா வார்டுக்கும் போனார். சண்டைகள் வந்தன. மாதாமாதம் எங்கள் சதவீதம் கீழே இறங்கியது. கடலூர்க் கூட்டங்களில் நாங்கள் எழுந்து நின்று பழகிக்கொண்டோம்.

மழை வந்தது. ஐப்பசிக் கடைசியில் வானம் கிழிந்ததுபோல் இரண்டு நாள் கொட்டியது. அவருடைய தெருவில் தண்ணீர் ஏறத்தான் செய்தது, வராமல் இருக்க அது மேடான ஊரில்லை. வாசல் முதல் படி வரை வந்தது. நான் போனபோது அவர் கடை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து படியையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஷினை எல்லாம் முன்னெச்சரிக்கையாக மேஜைமேல் ஏற்றியிருந்தார்கள். பாலத்தின் மறுபக்கம் தண்ணீர் சத்தத்தோடு பாய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் உச்சிவேளைக்குள் தெரு தெரிந்தது. எந்த வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. அன்று மாலை அந்தத் தெருவில் மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மெமோவுக்கு நான் எழுதிய விளக்கம் ஏற்கப்படவில்லை. பொங்கல் கழிந்ததும் திட்டக்குடிப் பக்கம் மாற்றல் வந்தது. போகிற அன்று அவர் பஸ் நிலையத்துக்கு வந்து கழியைக் கொடுத்தார். கோடுகளுக்குப் புதிதாகப் பூச்சுப் பூசியிருந்தார். உங்களுக்கு வேண்டாமா என்றேன். எனக்கு வேறு மூங்கில் கிடைக்கும், அங்கேயும் பாலம் இருக்குமே என்றார். இருந்தது. திட்டக்குடிப் பக்கமும் இருந்தது, அதற்குப் பிறகு போன ஊர்களிலும் இருந்தது. அடுத்த தேர்தலில் ஏழாம் வார்டு வேறு ஒதுக்கீட்டுக்குப் போய்விட்டதால் அவரால் நிற்க முடியவில்லை. தையலோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நான் படிப்படியாக ஏறி, இன்று ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சியின் செயல் அலுவலர்.

இப்போது படிவம் இல்லை. எல்லாம் கைப்பேசியில். பணி முடிந்ததும் அந்த இடத்தில் நின்று ஒரு படம் எடுத்துப் போட வேண்டும். எங்கே நின்று எடுத்தது என்பதை அதுவே குறித்துக்கொள்ளும், ஏமாற்ற முடியாது என்றார்கள். போட்டதும் கட்டம் பச்சையாகிவிடும். என் உதவியாளர் கெட்டிக்காரர், நான் அந்த வயதில் இருந்ததைவிடக் கெட்டிக்காரர். இந்த வருடம் மழைக்கு முந்தைய பணிகளில் எங்கள் ஊர் முழுப்பச்சை. அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து எப்படிச் செய்தோம் என்று விளக்க வேண்டும் என்று கடலூரிலிருந்து தகவல் வந்திருக்கிறது. எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கித் தந்தேன். அப்போதுகூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

போன வாரம் 'ஏழு' வந்தார். ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்கு வந்தவர், விசாரித்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். தலை பாதி நரைத்திருந்தது. கட்டைவிரல் நகம் மட்டும் அதே சிவப்பு. எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. நாற்காலியில் உட்காரும் முன்பே மூலையைப் பார்த்துவிட்டார். பாருங்கள், இன்னும் வைத்திருக்கிறேன், எல்லோரிடமும் உங்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். எழுந்துபோய்க் கழியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கோடுகளை விரலால் தடவினார். அடிமுனையைத் தூக்கிப் பார்த்தார். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"ரொம்பச் சுத்தமா இருக்குதே, சார்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், பிரசாதம் கொடுத்தார், டீ குடித்தார், போய்விட்டார். நான் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அது இந்த அறையைவிட்டு வெளியே போனதில்லை. ஆய்வுக் கருவி என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டு அழகுக்கு வைத்திருந்தேன்.

அன்று மதியமே கழியைத் தோளில் வைத்துக்கொண்டு உதவியாளரோடு வாய்க்காலுக்கு நடந்தேன். படம் எடுத்த இடத்தை அவர் காட்டினார். நல்ல இடம்தான், பாலத்துக்கு மேலே. நான் கீழே இறங்கி, கழியை அவர் கையில் கொடுத்து உள்ளே விடச் சொன்னேன். முதல் கோடு போயிற்று. இரண்டாவதில் நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். அன்று அந்தப் பாலத்தருகே நான் பார்த்த அதே பார்வை. கூட்டம் இருக்கிறதே சார் என்றார் தயங்கி. இருக்கட்டும், அங்கேயே போய்ச் சொல்லிக்கொள்ளலாம், முதலில் பச்சையை எடுங்கள் என்றேன். அவர் கைப்பேசியை எடுத்துக் கட்டத்தைச் சிவப்பாக்கும்வரை நகராமல் நின்றேன்.

நாளை காலை கடலூர் போகிறேன். வண்டி கேட்டு எழுதிய கடிதமும் கோப்பில் இருக்கிறது. கழி மறுபடியும் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே நிற்கிறது. இரண்டாவது கோடு வரை சேறு. அது காய்ந்து செங்கல்மேலும் தரையிலும் உதிர்ந்திருக்கிறது. துடைக்க வந்த அம்மாவிடம் அந்த மூலையை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.